மேலேயா, முன்னாலேயா?

2000-ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகமான இரண்டாம் தலைமுறை சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸில், டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இன்ஜினுக்கு மேலேயே படுத்திருக்கும். போனட்டிலுள்ள துவாரம் வழியாக அதற்குக் காற்று வரும். படுக்கைவாட்டு பாக்ஸர் இன்ஜின் என்பதால் மேலே இடம் கிடைத்தது. குழாயும் குட்டையாக அமைந்தது. போட்டியாளரான மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனில் கம்பெனியே இன்டர்கூலரைப் பம்பருக்குப் பின்னால் வைத்தது. கையில் கொஞ்சப் பணத்தோடு சுபாருவை மேம்படுத்த நினைப்பவர் முன் இந்த இரண்டு வழிகளும் நிற்கின்றன: அதே காரின் எஸ்டிஐ ரகத்திலுள்ள பெரிய மேல் இன்டர்கூலரைப் பழையதாக வாங்கி மாட்டுவது, அல்லது மலிவான முன் இன்டர்கூலர் செட்.

எதற்கு இந்தப் பாடு? 30 டிகிரி காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றும்போது, கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்றால், காற்று ஏறக்குறைய 125 டிகிரியில் வெளியே வரும். இன்டர்கூலர் அதை 58-க்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காற்று சிலிண்டருக்குள் போகும். நாக்கிங்கும் (பெட்ரோல் கலவை தானாக வெடிப்பதும்) தள்ளிப்போகும்.

ஓடும் வண்டியில் இந்த வேலையை நன்றாகச் செய்வது முன் இன்டர்கூலர்தான். ரேஸ் டிராக்கில் சுற்றுக்கு மேல் சுற்று அடித்தாலும் சளைக்காது. மேலே இருப்பது சிக்னலில் நின்றாலே இன்ஜின் சூட்டில் வெந்துவிடும். வண்டி நகர்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆறும்.

செலவுக் கணக்கு வேறு கதை சொல்கிறது. முன் செட்டுக்கு நீண்ட குழாய்கள், சிலிக்கோன் ஹோஸ்கள், கிளாம்ப்கள் வேண்டும்; பல செட்டுகளுக்குப் பம்பர் பீமையும் வெட்டவேண்டும். பீமை வெட்டுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மோதலைத் தாங்கத்தான் அது இருக்கிறது. ரேடியேட்டருக்குப் போகும் காற்றும் குறையும். இந்த வண்டியில் காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருப்பதால், பின்னால் ஒரு கிளாம்ப் கசிந்தாலும் அளந்த காற்று தப்பிப்போகும். கலவையில் பெட்ரோல் மிஞ்சி, புகை கறுக்கும். இணைப்புகள் கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடும். மலிவு செட்டில் முதலில் கோளாறு செய்வதும் கிளாம்ப்தான்.

பழைய எஸ்டிஐ இன்டர்கூலருக்குப் பிராக்கெட்டும் ஒன்றிரண்டு ஹோஸ்களும் மாற்றினால் பெரும்பாலும் போதும். வாங்கும்போது உள்ளே பாருங்கள்: லேசான எண்ணெய்ப் பிசுக்கு சகஜம், உலோகத் துகள் இருந்தால் டர்போ சிதறிய வண்டியிலிருந்து கழற்றியது, தொடவே வேண்டாம். போனட் துவாரத்துக்கும் இன்டர்கூலருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நுரைப்பட்டையால் அடைத்தால் வரும் காற்று பக்கவாட்டில் வீணாகாது. இதைவிட மலிவான மாற்றம் இந்தக் காரில் இல்லை. எஸ்டிஐ-யில் கம்பெனியே வைத்த நீர்த்தெளிப்பை, வைப்பர் வாஷர் பம்பைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

அன்றாடச் சாலைக்கு என் ஓட்டு மேலே உள்ளதற்கே. பெரிய டர்போ போட்டு டிராக்குக்குப் போகிறவர் முன்னாலேயே வைக்கட்டும். ஆனால் இசியூ டியூனிங்குக்கான பணத்தை ஒதுக்கிய பிறகு செட்டை வாங்கட்டும்.