ஒரு நோய், மூன்று பெயர்கள்: எண்ணிம நூலகங்களில் பகுப்பும் தேடலும்

சர்க்கரை நோய் பற்றிய பழைய தமிழ் மருத்துவ நூல்களை ஓர் எண்ணிம நூலகத்தில் தேடினேன். 'சர்க்கரை' என்று தட்டியதும் வந்து நின்றது கரும்பு ஆலை பற்றிய ஓர் அறிக்கை. நான் தேடிய நூல்கள் அங்கே இல்லாமலில்லை. பட்டியலில் 'நீரிழிவு', 'மதுமேகம்' என்ற பெயர்களில் இருந்தன. யாழ்ப்பாணத்தில் நீரிழிவு என்பார்கள், சென்னையில் சர்க்கரை அல்லது வெறும் சுகர், சித்த மருத்துவச் சுவடியில் மதுமேகம். கணினிக்கு இவை ஒன்றோடொன்று ஒட்டாத எழுத்துக் கோவைகள். இவற்றுக்கிடையிலான உறவை யாரேனும் ஓரிடத்தில் எழுதிவைக்காதவரை, லட்சம் பக்கங்களை வருடி ஏற்றினாலும் அவை பூட்டிய பெட்டிக்குள் கிடப்பவைதாம். அந்த உறவுகளை எழுதிவைப்பதும் நூலகப் பணியின் பாதி என்பதே என் வாதம்.

தேடுபொறி இருக்கும்போது பகுப்பு எதற்கு என்று கேட்பவர்கள், 1994இல் தொடங்கிய யாஹூ அடைவு 2014 இறுதியில் மூடப்பட்டதைச் சான்றாகக் காட்டுவார்கள். இணையம் பெருகிய வேகத்துக்குக் கையால் பட்டியலிடுவது ஈடுகொடுக்கவில்லை என்பதற்குத்தான் அது சான்று. எதிர்ச்சான்று மருத்துவத் துறையிலேயே இருக்கிறது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் 'மெஷ்' என்ற பொருள்தலைப்புத் தொகுதியைப் பேணிவருகிறது. அதன் கட்டுரைத் தேடுதளமான பப்மெட்டில் ஒருவர் பேச்சுவழக்கில் 'ஹார்ட் அட்டாக்' என்று கேட்டாலும், மாரடைப்புக்கான மருத்துவக் கலைச்சொல்லையும் சேர்த்தே அது தேடுகிறது. நீரிழிவு அங்கே வளர்சிதைமாற்ற நோய்களின் கீழும் நாளமில்லாச் சுரப்பி நோய்களின் கீழும் இடம்பெறுகிறது. எந்த வழியாக நுழைந்தாலும் அதன் உட்பிரிவுகள் கூடவே வரும். 2022 முதல் கட்டுரைகளுக்குப் பொருள்தலைப்பு இடும் வேலையை இயந்திரமே செய்கிறது. ஆனால் அந்தத் தலைப்புத் தொகுதியை ஆண்டுதோறும் திருத்துபவர்கள் மனிதர்கள்.

ஒரு பொருளுக்கு ஓரிடம் என்பது அலமாரியின் கட்டாயம். நீரிழிவுக்காரருக்கான சமையல் நூலை மருத்துவத்தில் வைப்பதா, சமையலில் வைப்பதா? 1876இல் வெளிவந்த டியூயி தசமப் பகுப்பு முறையில் நூலகர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீ. இரா. அரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் கேள்வியையே மாற்றினார். 'இது எந்தக் கிளை?' என்று கேட்காமல் 'இதற்கு எத்தனை முகங்கள்?' என்று கேட்டார். 1950களில் இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை பற்றி நடந்த ஆய்வு என்று வையுங்கள். உறுப்பு, நோய், சிகிச்சை, கருவி, நாடு, காலம் எனத் தனித்தனிக் குறியீடுகளைக் கோத்து அவர் முறை அதற்கு ஓர் எண் தரும். அச்சுப் பட்டியலில் அந்த நீண்ட எண் வாசகரை மிரட்டியது உண்மை. அலமாரியில் புத்தகத்துக்கு இடமும் ஒன்றுதான். கணினித் திரையில் அந்த இரண்டு தடைகளும் இல்லை. இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று வடிகட்டிச் சேலை வாங்குபவர் முகப் பகுப்பைத்தான் பயன்படுத்துகிறார்.

தமிழ் எண்ணிம நூலகங்களில் பல இன்னும் கோப்புறைக்குள் கோப்புறை என்ற அலமாரிப் பழக்கத்திலேயே நிற்கின்றன. நோய், மூலிகை, நூல்வடிவம், ஊர், காலம் என ஐந்து முகங்களைப் பிரித்துப் பதிந்தாலே ஒரு சித்த மருத்துவத் தொகுப்பு வேறொன்றாகிவிடும். பெயர்களை இணைப்பதில்தான் கூடுதல் நிதானம் வேண்டும். சொற்களஞ்சியங்களுக்கான ஐஎஸ்ஓ 25964 தரம் சமம், மேல்–கீழ், தொடர்பு என்னும் மூன்று உறவுகளை வேறுபடுத்துகிறது. சர்க்கரை நோயும் நீரிழிவும் சமச்சொற்கள், தயங்க வேண்டியதில்லை. மதுமேகம் அப்படியல்ல. சித்த நூல்கள் மதுமேகம் உள்ளிட்ட மேக நோய்களைத் தமக்கேயுரிய முறையில் வகுக்கின்றன. அவ்வகைகளுள் ஒன்றை இன்றைய நோய்ப்பெயரோடு சமப்படுத்திவிட்டால், சுவடி சொல்லாததைச் சுவடியின் மேல் ஏற்றியவர்களாவோம். அதைத் 'தொடர்பு' என்று பதிந்தால், சர்க்கரை என்று தேடுபவருக்கும் சுவடி கண்ணில் படும். மதுமேகம் அங்கே மதுமேகமாகவே இருக்கும்.