பாட்டுக்கும் முகவரி வேண்டும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் பணித்தபொழுது, இசையின் வரலாற்றைப் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பின்னரே அச்சம் பிறந்தது. நான் இசை பயின்றவன் அல்லன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தனாக இருப்பவன். இராகத்தின் இலக்கணத்தைக் காட்டிலும் மூட்டையின் எடையே எனக்கு நன்கு தெரியும். ஆயினும் ஓர் இளைஞன் என்னிடம் கேட்ட வினா ஒன்று என்னைச் சில மாதங்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதற்கு விடை தேடிப் புகுந்ததே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு விழாவில் நம் காலனிப் பிள்ளைகள் நால்வர் தாமே எழுதி, தாமே மெட்டமைத்த பாட்டு ஒன்றைப் பாடினார்கள். அன்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். அரங்கமே கைதட்டிற்று. பின்னர் அப்பாட்டைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். மூன்று மாதம் கழிந்து, ஒரு மாலை, அந்நால்வரில் ஒருவன் படிக்கட்டில் என்னைக் கண்டு நின்றான்.

“மாமா, இதுவரையில் நூற்றுப் பதினேழு பேர்தாம் கேட்டிருக்கிறார்கள். அதிலும் பாதிப் பேர் எங்கள் அத்தை வீட்டாரும் சித்தி வீட்டாரும். பாட்டு நன்றாக இல்லையா?” என்றான்.

“நன்றாகத்தானே இருந்தது, தம்பி” என்றேன்.

“நன்றாக இருந்தால் ஏன் போய்ச் சேரவில்லை?”

அன்று என்னால் விடை கூற இயலவில்லை. நல்ல பாட்டு கேட்போரிடம் தானாகவே சென்று சேரும் என்றுதான் நாம் எல்லோரும் எண்ணியிருக்கிறோம். வரலாற்றைப் பார்த்தால் அவ்வாறு நடந்ததாகத் தெரியவில்லை.

தட்டில் ஏறிய குரல்

முற்காலத்தில் பாடகனைக் காத்தவர்கள் அரசரும் கோயிலாரும் செல்வரும் ஆவர். பிறகு சபைகள் தோன்றின. சென்னையில் மியூசிக் அகாடமி 1928-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. சபை என்பது என்ன? பலர் கூடி ஆளுக்குச் சிறிது சந்தா செலுத்தி, ஒரு புரவலர் செய்த காரியத்தைத் தாமே செய்வதாகும். பாடகனுக்கும் தன்னைக் கேட்பவர் யார் என்பது தெரியும். அவர்கள் அவன் கண்ணெதிரே அமர்ந்திருந்தார்கள்.

இந்நிலையை மாற்றியது கிராமபோன். 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த கெய்ஸ்பர்க் என்பார் கல்கத்தாவிற்கு வந்து கௌஹர் ஜான் அம்மையாரின் பாட்டைப் பதிவு செய்தார். விடிய விடியப் பாடக்கூடிய இசையை ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் அடக்கிப் பாடினார் அம்மையார். பாடி முடித்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது அவர் வழக்கம். தட்டுக்கள் அச்சானது ஜெர்மனி நாட்டின் ஹனோவர் நகரில். அங்குள்ள தொழிலாளர் எந்தத் தட்டு யாருடையது என்று அறிந்து சீட்டு ஒட்டுவதற்காகவே அவ்வாறு பெயர் சொல்லப்பட்டது என்பர். இச்செய்தியைப் படித்தபொழுது பார்சல் எழுத்தனாகிய நான் மகிழ்ந்தேன். அனுப்புநர் பெயரைத் தம் வாயாலேயே எழுதிவிட்டார் அம்மையார்!

ஆனால் பெறுநர் பெயர்? அதை அறிந்தவர் எவரும் இலர். எந்த ஊரில், எவர் வீட்டில் தம் தட்டுச் சுழல்கிறது என்பது பாடியவருக்குத் தெரியாது. கேட்பவர் பெருகினர், ஆனால் அவர்களுக்கும் பாடகருக்கும் நடுவே கம்பெனி ஒன்று வந்து நின்றது.

வானொலியின் வாயில்

அடுத்து வந்தது வானொலி. 1936-ஆம் ஆண்டு ஆல் இந்தியா ரேடியோ என்னும் பெயர் ஏற்பட்டது. சங்கீத வித்துவான்களுக்கு அது பெரும் ஆதரவளித்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் வாயிலில் காவல் இருந்தது. எதைப் பாடலாம், எதைப் பாடலாகாது என்று உள்ளிருப்பவர்கள் முடிவு செய்தார்கள். 1952-ஆம் ஆண்டு செய்தித்துறை அமைச்சரான கேஸ்கர் அவர்கள் காலத்தில் திரைப்பாடல்கள் பெரிதும் விலக்கப்பட்டன. நேயர்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பினார்கள். 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பட்டதற்கு இதுவே தலையாய காரணம்.

திரைப்பாடலுக்கு அப்புறமும் ஒரு வழி இருந்தது. திரைக்கும் சேராமல், சாஸ்திரிய இசைக்கும் சேராமல், தானே ஒரு பாட்டை ஆக்கிப் பாடுகின்றவனுக்கோ எந்த வாயிலும் திறக்கவில்லை.

ஒரு கதவைத் திறந்தது 1980-களில் பரவிய கேசட். இத்தில்லி மாநகரின் தரியாகஞ்சில் பழரசக் கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்த குல்ஷன் குமார், 1983-ஆம் ஆண்டு டி-சீரிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். கேசட்டின் விலை குறைந்தது. வட்டார மொழிகளின் நாட்டுப் பாடல்களும் பக்திப் பாடல்களும் மூலைக் கடைகளிலெல்லாம் விற்பனைக்கு வந்தன. ஆயினும் யார் வாங்கினார் என்னும் கணக்கு பாடகன் கைக்கு வரவில்லை. ஒருவர் வாங்கிய கேசட்டைப் பத்துப் பேர் நகல் எடுத்தபொழுது அந்தக் கணக்கு இன்னும் மங்கிற்று.

கரோல் பாக் வீட்டுக் கதை

இவ்விடத்தில் நம் தில்லியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூற விரும்புகிறேன்.

1990-ஆம் ஆண்டு சுஷ்மித் சென், அசீம் சக்ரவர்த்தி என்னும் இருவர் சேர்ந்து ‘இந்தியன் ஓஷன்’ என்னும் இசைக்குழுவைத் தொடங்கினார்கள். பிறகு ராகுல் ராம், அமித் கிலம் ஆகியோர் சேர்ந்தனர். திரைப்படத்தை நம்பி எழுந்த குழு அன்று இது. கிதாரும் தபேலாவும் கலந்து, நாட்டுப் பாடலும் பழம் பதங்களும் சேர்த்து, தமக்கென ஓர் இசையை வளர்த்தார்கள். ஒரு கம்பெனி அவர்களுடைய முதல் தொகுப்பை வெளியிட்டது. எனினும் அடுத்த தொகுப்புக்கு வழி எளிதில் பிறக்கவில்லை. 1997-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் மண்டி ஹவுஸ் பகுதியில் நடந்த நிகழ்ச்சி ஒன்றில் அவர்கள் மேடையில் பாடியதன் பதிவே ‘டெஸர்ட் ரெய்ன்’ என்னும் பெயரில் தொகுப்பாயிற்று. 2000-ஆம் ஆண்டு வந்த ‘கந்தீசா’ அவர்களை நாடறியச் செய்தது. அதன் தலைப்புப் பாடல், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் பாடிவரும் தொன்மொழிப் பாடலாகும்.

அந்தப் பத்து ஆண்டுகளில் அவர்கள் செய்தது ஒன்றே: அழைத்த ஊருக்கெல்லாம் சென்று பாடினார்கள். கல்லூரி விழா, திறந்தவெளி அரங்கு என்று பாராமல் பாடினார்கள். கேட்டவர்களுள் சிலர் மறுமுறையும் வந்தனர். வரும்பொழுது நண்பரையும் அழைத்து வந்தனர்.

இதற்கிடையே உலகில் பெரிய மாறுதல் ஒன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. ஜெர்மனி நாட்டு அறிஞர்கள் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையை வகுத்தனர். 1995-ஆம் ஆண்டு அதற்கு எம்.பி.3 என்னும் பெயர்க்குறி ஏற்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவை திறக்கப்பட்டது. 1999-இல் நாப்ஸ்டர் என்னும் ஏற்பாடு வந்து, பாட்டுக்களை ஒருவருக்கொருவர் விலையின்றிப் பரிமாறிக்கொள்ள வழி செய்தது. வழக்கு மன்றத்தின் ஆணையால் 2001-இல் அது நின்றது. ஆனால் அணை உடைந்த பின் வெள்ளம் நிற்குமா? 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு தன் புதிய தொகுப்பை இணையத்தில் வைத்து, விலையைக் கேட்போரே குறித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது.

2009-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் அசீம் சக்ரவர்த்தி காலமானார். குழுவின் குரலே போயிற்று என்று பலர் வருந்தினர். அவர் குரல் பதிவாகியிருந்த பாட்டுக்கள் மிஞ்சியிருந்தன. மற்றவர்கள் என்ன செய்தார்கள்? 2010-ஆம் ஆண்டு ஜூலை முதல், மாதம் ஒரு பாட்டாக, அவற்றைத் தம் வலைத்தளத்தில் விலையின்றி வழங்கினார்கள். மொத்தம் ஏழு பாட்டுக்கள். அத்தொகுப்பின் பெயர் ‘16/330 கஜூர் ரோடு’. அது கரோல் பாகில் உள்ள பழைய வீடு ஒன்றின் முகவரி. 1997 முதல் அவர்கள் பயிற்சி செய்த வீடு அது. நம் சங்கத்து மூத்த அன்பர்கள் பலர் தில்லிக்கு வந்த புதிதில் குடியிருந்ததும் அதே கரோல் பாக்தான் என்பதை எண்ணும்பொழுது, அத்தெருப் பெயர் எனக்கு அயலாகத் தோன்றவில்லை.

விலையின்றி வழங்குவது பித்தர் செயல் அன்றோ என்று தோன்றலாம். தொகுப்பை விற்று வருவது சொற்பம். மேடையில் பாடி வருவதே பிழைப்பு என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். மாதம் ஒரு பாட்டு என்று வைத்ததிலும் பொருள் உண்டு. ஏழையும் ஒரே நாளில் கொடுத்திருந்தால் ஒரு நாள் பேச்சோடு போயிருக்கும். மாதந்தோறும் கொடுத்தமையால் நேயர்கள் ஏழு முறை அவர்கள் வாயிலுக்கு வந்தார்கள். அதற்கு முன் இருபது ஆண்டுகள் ஊர் ஊராகப் பாடியிராவிட்டால், வாயிலைத் திறந்து வைத்தும் வருவார் இலர். இதுவே இவ்வரலாற்றில் நான் கற்ற முதற் பாடம்.

வாடகைக் கிடங்கு

2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்த பின் நம் நாட்டில் இணையம் மிக மலிவாயிற்று. 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில், இயக்குநர் பா. ரஞ்சித் அவர்களின் முயற்சியால் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு மேடையேறிற்று. கானாவும் மேனாட்டுச் சொல்லிசையும் கலந்த அப்பாட்டுக்கள், படம் எதையும் சாராமலே, இணைய வழியாகத் தமிழர் வாழும் இடமெல்லாம் சென்றன. காவலர் நின்ற வாயில்கள் ஒழிந்தன என்றே பலரும் மகிழ்ந்தனர்.

அவசரப்பட்டு மகிழ்தல் ஆகாது. மைஸ்பேஸ் என்னும் தளத்தில் உலகெங்குமுள்ள இளம் பாடகர்கள் பல ஆண்டுகளாகத் தம் பாட்டுக்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். 2015-ஆம் ஆண்டுக்கு முன் ஏற்றப்பட்டவை கணினி மாற்றத்தின்பொழுது அழிந்துவிட்டன என்று 2019-இல் அத்தளம் அறிவித்தது. 2020-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் நம் அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. தடையின் நியாயம் எதுவாயினும், அங்கே இலட்சக்கணக்கில் நேயரைச் சேர்த்தவர்கள் ஒரே இரவில் அவர்களை இழந்தார்கள். ஸ்பாட்டிஃபை நிறுவனமோ, பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு ஊதியம் இல்லை என்று 2024 முதல் விதி செய்திருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு மூட்டை வந்தால் அதில் இரண்டு பெயர் இருத்தல் வேண்டும்: அனுப்புநர் பெயர், பெறுநர் பெயர். பெறுநர் பெயரற்ற மூட்டை எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் மூலையில் கிடக்கும். நாள் கடந்தால் ஏலத்திற்குப் போகும். பிறர் தளத்தில் சேர்ந்த நேயர் கூட்டமும் அத்தகையதே. கிடங்கு வாடகைக் கிடங்கு; பெறுநர் பட்டியலும் கிடங்குக்காரர் கையில். அவர் கதவைச் சாத்தினால் நம் கையில் சாவி இல்லை.

நாம் செய்யத் தக்கது

ஆதலின் அத்தம்பிக்கு இப்பொழுது என் விடையைக் கூறுகிறேன். உன் பாட்டு நன்றாகவே இருந்தது. அதைப் பெறுவார் யார் என்பதை நீ எழுதி வைக்கவில்லை. அந்த நூற்றுப் பதினேழு பேரின் பெயரையும் முகவரியையும் உன் கையேட்டில் எழுது. அத்தையும் சித்தியும்தானே என்று தள்ளிவிடாதே; முதல் வரிசையில் அமர்பவர்கள் அவர்களே. ஆண்டுக்கு ஒரு பாட்டை ஏற்றிவிட்டுக் காத்திராமல், குறித்த நாளில் தவறாமல் ஒன்றைக் கொடு. அடுத்த காலனி அழைத்தால் சென்று பாடு. கேட்டுத் திரும்புவோரிடம் மறவாமல் முகவரி கேள்.

இது நமக்குப் புதிய வழி அன்று. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபொழுது, நூல் வெளிவருமுன்பே வாங்குவதாக அன்பர் பலரிடம் கையொப்பம் பெற்றார்கள். அன்று கையொப்பமிட்டவர்கள் துணை நின்றதனால் ஒரு காப்பியம் அச்சேறியது. நம் சங்கமும் சந்தா ஏட்டில் எழுதப்பட்ட பெயர்களால் நிற்பதேயன்றி வேறெதனாலும் நிற்கவில்லை.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பிள்ளைகள் பாடினால் கைதட்டிவிட்டு உணவுக் கூடம் நோக்கி நடக்கிறோம். அவர்கள் இந்தி மட்டுமே பேசுகிறார்கள், தமிழை மறக்கிறார்கள் என்று மாதக் கூட்டந்தோறும் வருந்துகிறோம். தாமே தமிழில் எழுதிப் பாடிய நால்வருக்கு நம்மில் எத்தனை பேர் ஒரு சொல் எழுதினோம்? நான் எழுதவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன். இவர்கள் சோர்ந்து நிறுத்திவிட்டால் அடுத்த தலைமுறையில் தமிழில் மெட்டமைக்க நம் காலனியில் ஆள் இராது.

இவ்வாண்டு விழா அரங்கின் வாயிலில் ஒரு கையேடு வைக்குமாறு செயலாளரை வேண்டியிருக்கிறேன். அதில் முதற் கையொப்பம் என்னுடையது. மற்ற அன்பர்களும் வீட்டுக்கு ஒரு பெயராவது எழுதி உதவ வேண்டுகிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!