மில் மோட்டாரும் கரித்தூளும்

கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888-லேயே வந்துவிட்டது. ஆனால் மில்கள் மளமளவென்று பெருகியது, 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகுதான். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் நம் ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வதுதான். மோட்டாருக்குள் சேர்ந்த கரித்தூளைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை.

பெரிய மோட்டார்களில் சுழலும் வளையத்தின் மேல் உரசிக்கொண்டு நிற்பது கார்பன் பிரஷ். ஆதியில் செம்புக் கம்பி வலையைத்தான் வைத்தார்கள். அது வளையத்தையே அரித்தது. 1885-இல் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் கார்பனுக்குக் காப்புரிமை வாங்கினார். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், தானும் தேயும், செம்பைக் காப்பாற்றும். தேய்ந்தது எங்கே போகும்? தூளாகி மோட்டாருக்குள்ளேயே படியும். தூளானாலும் அது கடத்தத்தான் செய்யும்.

பஞ்சுத் தூசி எரியும். ஆனால் காய்ந்திருந்தால் கரண்டைக் கடத்தாது. கரித்தூள் அப்படியல்ல. நூல் அறாமலிருக்க மில்லில் காற்றை ஈரமாக வைப்போம். அந்த ஈரமும் பேரிங் எண்ணெயும் தூளோடு சேர்ந்தால் கரிய பசை. அதன் வழியே கரண்டு மெல்லக் கசியும். கசிந்த இடம் சூடேறிக் கருகும். கருகிய பேக்லைட் தானே கரியாகி, கரண்டுக்கு நிரந்தர வழியாகிவிடும்.

1968-இல் நான் ஒரு மில்லில் எலக்ட்ரீசியன் அப்ரண்டிஸ். ஞாயிறு துப்புரவில் கம்ப்ரஸர் குழாயைப் பிடித்து மோட்டாரை ஊதுவது என் வேலை. பக்கத்து டிபார்ட்மெண்ட் மேஸ்திரி ஒருமுறை நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, ஊதுனா அது எங்க போகும்னு நினைக்கறீங்க? இழுக்கோணுங்க, ஊதக்கூடாதுங்க" என்றார். தலையாட்டிவிட்டு ஊதினேன். வெளியே பளபளவென்று இருந்தது, எனக்கும் திருப்தி. மெக்கர் வைத்துப் பார்க்கவில்லை. 400 வோல்ட் மோட்டாருக்கு ஒரு மெகஓமாவது காட்ட வேண்டும் என்பது பாடத்தில் படித்ததுதான்.

ஐப்பசி மழை. மறுநாள் காலை ஸ்டார்ட் போட்டதும் டெர்மினல் பெட்டியில் பளீரென்று ஒரு வெளிச்சம், வெடிச்சத்தம். பக்கத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ஹெல்பர் அண்ணனின் வலது கை முழங்கை வரை வெந்துபோனது. பெட்டியைத் திறந்தால் மூன்று டெர்மினல்களுக்கும் இடையே கரிக்கோடு. பல வருடம் ஊதி ஊதிச் சேர்ந்தது. கடைசியாக ஊதியவன் நான்.

அதன்பின் வாக்குவம் வாங்கினார்கள். மெக்கர் அளவை எழுத ஒரு நோட்டும் போட்டார்கள். அதில் முதல் வருடத்துக் கையெழுத்தெல்லாம் என்னுடையது. அண்ணன் இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். சுண்டுவிரல் கடைசிவரை மடங்கவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.