கான்பூரைத் தேடும் முறை

“இணையத்தில் தேடியவரை சான்று கிடைக்கவில்லை” என்னும் தொடரை ஆய்வேடுகளில் அடிக்கடி காண்கிறேன். சில வேளைகளில் ஓர் இயல் முழுவதும் அத்தொடரின் மேலேயே எழுப்பப்பட்டுவிடுகிறது. எந்தச் சொல்லை இட்டுத் தேடினார் என்று மட்டும் எவரும் வினவுவதில்லை.

கான்பூரை எடுத்துக்கொள்வோம். இன்று ஆங்கிலத்தில் ‘கே’ என்னும் எழுத்தில் தொடங்கும் இப்பெயர், 1948 வரை ‘சி’யில் தொடங்கிற்று, ஈறும் வேறு. ஒலி ஏறத்தாழ ஒன்றே. ஆனால் தேடுபொறிக்குச் செவி கிடையாது. பொதுவான தேடுபொறிகள் சில வேளை இணைவடிவங்களைத் தாமே சேர்த்துக்கொள்ளும். மின்னூலகங்களின் உள்தேடலோ பெரும்பாலும் நாம் தட்டிய எழுத்துகளையே தேடும். 1857 கிளர்ச்சியை இன்றைய வடிவம் கொண்டு, அதுவும் மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுபவருக்குப் பிற்காலத்தார் எழுதியவையே மிகுதியாக வந்து நிற்கும்; கிளர்ச்சிக் காலத்து அச்சு அகப்படாது.

இக்குழப்பம் அன்றைய ஆட்சியாளரையும் வருத்தியது. வில்லியம் வில்சன் ஹண்டர் 1871இல் இந்தியப் பெயர்களின் எழுத்துக்கூட்டலுக்கென ஒரு வழிகாட்டி வெளியிட்டார். 1881இல் அவருடைய ‘இம்பீரியல் கெசட்டியர்’ 9 தொகுதிகளாக வந்தது. ஆயினும் நெடுநாள் வழங்கிப் பழகிய பெயர்கள் பழைய கோலத்திலேயே விடப்பட்டன. சீர்திருத்தம் வடிவங்களைக் குறைக்கவில்லை, ஒன்றைக் கூட்டியது என்றே சொல்வேன்.

1800க்கு முந்திய ஆங்கில நூல்களில் இடர் வேறு வகையானது. சொல்லின் முதலிலும் இடையிலும் வரும் சிறிய ‘எஸ்’ அக்கால அச்சில் நீண்டு, ‘எஃப்’ போலத் தோன்றும். எழுத்துணரி மென்பொருள் அதை ‘எஃப்’ என்றே படித்துவிடுவதுண்டு. திப்புவின் போர்களைப் பற்றி 1790களில் அச்சான நூல்களில் ஸ்ரீரங்கப்பட்டணம் பெரிய எழுத்தில் தொடங்குவதால் தப்பிவிடும். மைசூருக்கு அந்த நற்பேறு இல்லை. அதை ‘மைஃபோர்’ என்றும் தேட வேண்டும். (நகைக்க வேண்டா, ஒருமுறை செய்து பாருங்கள்.)

இவ்வகைத் தேடலுக்கு நான் நாடும் நூல் 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’. ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னலும் தொகுத்தது. பர்னல் 1882இலேயே மறைந்தார். ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதி என்றே அதை அறிவோம். ஆனால் பதிவுகளின் கீழே மேற்கோள்களை ஆண்டு வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். எந்த நூற்றாண்டில் எந்த எழுத்துக்கூட்டல் வழங்கிற்று என்பது அங்கே கண்முன் நிற்கிறது. அவ்வடிவங்களை ஒவ்வொன்றாக மேற்கோள் குறிக்குள் இட்டு, வெளியீட்டு ஆண்டின் எல்லையையும் குறுக்கினால், முன்பு வெறுமையாக இருந்த பக்கம் நிறையத் தொடங்கும்.

நெறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘சான்று இல்லை’ என்று மாணவர் எழுதினால், தேடிய வடிவங்கள், தேடிய களஞ்சியம், தேடிய நாள் ஆகிய மூன்றையும் அடிக்குறிப்பில் கேளுங்கள்.