‘நீக்ரோ’, ‘பிளாக்’, ‘அர்பன்’: கறுப்பின வானொலிச் செய்திக்கு யார் பணம் தருவது?

2020 ஜூன் 30 அன்று, கறுப்பின நேயர்களுக்கென்றே நாள் முழுவதும் செய்தி மட்டும் வழங்கும் வானொலி வலையமைப்பு ஒன்று அமெரிக்காவின் பதினைந்து நகரங்களில் ஒலிக்கத் தொடங்கியது. பெயர் ‘பிளாக் இன்ஃபர்மேஷன் நெட்வொர்க்’, சுருக்கமாக பி.ஐ.என். உரிமையாளர், நாடெங்கும் 850-க்கும் மேற்பட்ட நிலையங்களை வைத்திருந்த ஐஹார்ட்மீடியா நிறுவனம். மினியாபொலிஸ் நகரத் தெருவில் காவலர் ஒருவரின் முழங்காலுக்கு அடியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் உயிரிழந்து ஐந்து வாரங்களே கடந்திருந்தன.

இத்தகைய வலையமைப்புக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்பவர்கள், நேயர்கள் கிடைப்பார்களா என்பதிலிருந்தே தொடங்குவது வழக்கம். வரலாற்றைப் பார்த்தால் தொடங்க வேண்டிய இடம் வேறு. கறுப்பின நேயர்கள் செய்தியைத் தேடாத காலம் இருந்ததில்லை. பணம் தருபவர்கள்தாம் வந்து வந்து போயினர். அந்த வரவும் போக்கும் வலையமைப்புகளின் பெயர்களிலேயே படிந்து கிடக்கின்றன: 1954-இல் ‘நேஷனல் நீக்ரோ நெட்வொர்க்’, 1973-இல் ‘நேஷனல் பிளாக் நெட்வொர்க்’, 1991-இல் ‘அமெரிக்கன் அர்பன் ரேடியோ நெட்வொர்க்ஸ்’, 2020-இல் மீண்டும் ‘பிளாக்’. இப்பெயர்களுள் சில நேயரை நோக்கி வைக்கப்பட்டவை. சில விளம்பரதாரரை நோக்கி.

செய்தி என்ற பெயரில்லாமலே செய்தி வழங்கிய காலம் ஒன்று இதற்கெல்லாம் முன்பு இருந்தது. 1929-இல் சிகாகோவில் ஜாக் கூப்பர் என்பவர் ஒரு நிலையத்திடம் நேரத்தை விலைக்கு வாங்கி, அதற்குத் தாமே விளம்பரம் திரட்டி, கறுப்பினத்தவருக்கான நிகழ்ச்சியை நடத்தத் தொடங்கினார். பாட்டும் நகைச்சுவையுமாகத் தொடங்கிய அவருடைய பணி, 1930-களின் பிற்பகுதியில் காணாமற்போனோரைத் தேடும் நிகழ்ச்சி ஒன்றையும் உள்ளடக்கி விரிந்தது. தெற்கின் பருத்தி வயல்களை விட்டு வடக்கின் தொழில் நகரங்களுக்குப் பெருந்திரளாகப் பெயர்ந்து, உறவைத் தொலைத்து நின்ற ஒரு சமூகத்துக்கு இதைவிடத் தலையாய செய்தி எது இருந்திருக்க முடியும்? எந்தச் செய்தி நிறுவனமும் அதைச் செய்தி என்று வகைப்படுத்தியிருக்காது என்பது வேறு விஷயம்.

1948-இல் மெம்ஃபிஸ் நகரின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் நாட் வில்லியம்ஸ் என்னும் பள்ளி ஆசிரியரை ஒலிவாங்கியின் முன் அமர்த்தியது. உரிமையாளர்கள் வெள்ளையர், குரல் மட்டும் கறுப்பினத்தவருடையது. அடுத்த ஆண்டே அட்லாண்டாவில் ஜெஸ்ஸி பிளேட்டன் என்ற கணக்காயர் டபிள்யூ.இ.ஆர்.டி. நிலையத்தை 50,000 டாலருக்கு வாங்கினார். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் ஒருவருக்கு உரிமையான முதல் வானொலி நிலையம் அது. ஆபர்ன் அவென்யூவில் அந்த நிலையம் இருந்த கட்டடத்திலேயே பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பும் இயங்கியது. கிங் அவசரமாகப் பேச விரும்பினால் துடைப்பக் கழியால் மேற்கூரையைத் தட்டுவார் என்றும், மாடியிலிருந்து ஒலிவாங்கி கீழே இறக்கப்படும் என்றும் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. கதை எவ்வளவு துல்லியமானதோ, செய்திக்கும் செய்தியின் நாயகருக்கும் இடையே இருந்த தொலைவு ஒரு தளம்தான் என்பது உண்மை.

இக்காலத்தின் உச்சம் 1963 மே மாதம், அலபாமாவின் பர்மிங்ஹாம். நகரின் சிறார்களை ஊர்வலத்துக்குத் திரட்ட வேண்டும். வெளிப்படையாக அறிவித்தால் காவல்துறையும் கேட்கும்; நிலையத்தின் வெள்ளை உரிமையாளரும் கேட்பார். ‘டால் பால்’ என்று அறியப்பட்ட பால் வைட், ஷெல்லி ஸ்டூவர்ட் ஆகிய அறிவிப்பாளர்கள் பாட்டுகளுக்கு நடுவே, பூங்காவில் பெரிய விருந்து நடக்கப்போகிறது என்று சொன்னார்கள். பல் துலக்கும் தூரிகையை எடுத்து வருமாறும் சேர்த்துக்கொண்டார்கள். விருந்துக்கு எதற்குத் தூரிகை என்று எந்தச் சிறுவனும் கேட்கவில்லை. சிறையில் இரவு தங்க வேண்டியிருக்கும் என்பது கேட்டவர்களுக்குப் புரிந்தது. மே 2 அன்று ஆயிரத்துக்கு நெருங்கிய எண்ணிக்கையில் பிள்ளைகள் வகுப்பறைகளை விட்டு வெளியேறினர். மொழியியலார் இதைக் குழூஉக்குறி என்று வகைப்படுத்தி நகர்ந்துவிடலாம். வானொலி வரலாற்றுக்கு இது மேலும் முக்கியமான சான்று: அவ்வளவு செறிவான செய்தியைச் சுமந்தது செய்தியறிக்கை அன்று, இசைத்தட்டுகளுக்கு இடைப்பட்ட பேச்சு. 1967 ஆகஸ்டில் அட்லாண்டாவில் கூடிய கறுப்பின வானொலி அறிவிப்பாளர்களின் மாநாட்டில் கிங் உரையாற்றியபோது, இயக்கம் அவர்களுக்குப் பட்டிருந்த கடனை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

இசையோடு கலந்த செய்திக்குத் தனிச் செலவு இல்லை. அதனால்தான் அது சாத்தியமாயிற்று. ஓர் அறிவிப்பாளரும் ஓர் அடுக்கு இசைத்தட்டுகளும் இருந்தால் நான்கு மணி நேரம் ஓடிவிடும். முழுநேரச் செய்தி அப்படியன்று. செய்தியாளர்கள், ஆசிரியர்கள், வாசிப்பாளர்கள் என்று மூன்று வேளையும் ஆள் வேண்டும். நேயரோ பத்து இருபது நிமிடம் கேட்டுவிட்டுப் போய்விடுவார். அடுத்தவர் வர வேண்டும். எனவே மிகப் பெரிய நகரத்தில் மட்டுமே அந்தக் கணக்கு ஈடேறும். 1965-இல் நியூயார்க்கின் டபிள்யூ.ஐ.என்.எஸ். முழுநேரச் செய்திக்கு மாறி வெற்றி பெற்றது. அதே வடிவத்தை நாடு முழுவதற்கும் வலையமைப்பாக விற்க என்.பி.சி. நிறுவனம் 1975 ஜூனில் முயன்றது. 1977 மே மாதத்துக்குள் கடையைக் கட்டியது. பொது நேயர்களை வைத்துக்கொண்டு அத்தனை பெரிய நிறுவனமே தாங்க முடியாத செலவு அது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 13 சதவீதமாக உள்ள ஒரு சமூகத்தை மட்டும் நோக்கிய முயற்சிக்கு இந்தக் கணக்கு எவ்வளவு கடினம் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே 1970-களில் எழுந்த கறுப்பின வலையமைப்புகள் முழுநேரச் செய்தியை நாடவில்லை. 1972-இல் ‘மியூச்சுவல் பிளாக் நெட்வொர்க்’, 1973-இல் யூஜின் ஜாக்சன், சிட்னி ஸ்மால் ஆகியோரின் ‘நேஷனல் பிளாக் நெட்வொர்க்’ ஆகியவை இசை நிலையங்களுக்கு மணிக்கொரு முறை சில நிமிடச் செய்தியறிக்கையை அனுப்பின. முதலாவது மியூச்சுவல் என்னும் பெரிய ஒலிபரப்பு நிறுவனத்தின் கிளை. இரண்டாவது கறுப்பினத்தவரே உரிமை கொண்டாடியது. நகரக் கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையம் 1968-இல், அமெரிக்க ஊடகங்கள் வெள்ளையரின் கண்கொண்டே உலகைப் பார்க்கின்றன என்று கண்டித்திருந்தது. அதன் பின்னணியில் ‘பிளாக்’ என்ற சொல் நேயரின் தன்னுணர்வையும் விளம்பரதாரரின் அக்காலக் கூச்சத்தையும் ஒருசேரத் தொட்டது. இதற்கு இருபதாண்டுகள் முன்பு லெனார்டு எவன்ஸ் தொடங்கிய ‘நேஷனல் நீக்ரோ நெட்வொர்க்’, ஒரு தொடர் நாடகத்தை முதன்மைச் சரக்காக வைத்தும் போதிய விளம்பரம் இன்றி விரைவில் ஓய்ந்திருந்தது. இப்போது ஓரளவு பணம் வந்தது.

பிறகு அந்தப் பெயர் மெல்ல மறைந்தது. 1970-களில் நியூயார்க்கின் ஃபிராங்கி கிராக்கர் தம் நிலையத்தின் இசைக் கலவையைக் குறிக்கப் பயன்படுத்திய ‘அர்பன்’ என்ற அடைமொழி வானொலித் தொழிலின் பொதுச் சொல்லாயிற்று. கறுப்பினத்தவர் என்று சொல்லாமலே கறுப்பினத்தவரைக் குறிக்க உதவும் சொல் அது. விற்பனையாளர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. 1991-இல் இரு கறுப்பின வலையமைப்புகள் இணைந்தபோது புதிய பெயரில் ‘பிளாக்’ இல்லை, ‘அர்பன்’ இருந்தது. சொல்லை மாற்றியதால் விளம்பரதாரரின் மனம் மாறிவிடவில்லை. ‘அர்பன்’ நிலையங்களில் எங்கள் விளம்பரம் வேண்டாம் என்று நிறுவனங்கள் வெளிப்படையாகவே அறிவுறுத்தும் வழக்கம் இருந்ததை 1990-களின் இறுதியில் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வு பதிவு செய்தது. வாங்கக்கூடியவர்களை நாடுங்கள், சந்தேகத்துக்குரியவர்களை அல்ல என்னும் பொருள்படும் ஒரு விற்பனைக் குறிப்பு 1998-இல் கசிந்து பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. ஆங்கிலத்தில் அவ்விரு சொற்களுக்கும் எதுகை பொருந்துகிறது. எழுதியவர் அதை ரசித்தே எழுதியிருக்க வேண்டும்.

கடன் தருபவர்களும் இசையின் பக்கமே நின்றனர். 1980-இல் வாஷிங்டனில் கேத்தி ஹியூஸ் டபிள்யூ.ஓ.எல். நிலையத்தை வாங்கிப் பேச்சும் செய்தியுமாக நடத்த முனைந்தபோது, கடன் கொடுத்தவர்கள் மீண்டும் இசைக்குத் திரும்பும்படி வற்புறுத்தினர். காலை நேரத்தை மட்டும் பேச்சுக்காக அவர் மீட்டுக்கொண்டார். வீட்டை இழந்து நிலையத்திலேயே தங்கியும் இருந்தார். அந்த ஒற்றை நிலையத்திலிருந்து வளர்ந்த அவருடைய ‘ரேடியோ ஒன்’ நிறுவனம் 2017-இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. புதிய பெயர் ‘அர்பன் ஒன்’.

உரிமை கைமாறிய கதையும் இதனுடன் சேர்ந்தது. சிறுபான்மையினருக்கு நிலையத்தை விற்போருக்கு 1978 முதல் வழங்கப்பட்டுவந்த வரிச் சலுகையை அமெரிக்க நாடாளுமன்றம் 1995-இல் நீக்கியது. மறு ஆண்டு வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடளவில் எத்தனை நிலையங்களை வைத்திருக்கலாம் என்ற வரம்பை அகற்றியது. தனித்து நின்ற உரிமையாளர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டு விலகினர். நியூயார்க்கில் பெர்சி சட்டனின் குழுமம் நடத்திய டபிள்யூ.எல்.ஐ.பி., கறுப்பின அரசியல் உரையாடலுக்குப் பல்லாண்டுகள் மேடையாக இருந்தபின், 2004-இல் ‘ஏர் அமெரிக்கா’ என்ற தாராளவாத வலையமைப்புக்குத் தன் அலைவரிசையை விட்டுக்கொடுத்தது. புதிய சட்டத்தால் மிகுதியாகப் பயனடைந்து 1,200 நிலையங்கள் வரை குவித்த நிறுவனம் கிளியர் சேனல். 2014-இல் அது சூட்டிக்கொண்ட புதிய பெயர் ஐஹார்ட்மீடியா.

பி.ஐ.என். வலையமைப்பின் பிறப்பிடம் இதுவே. சிறிய கறுப்பின உரிமையாளர்களை நெருக்கிய அதே ஒருமுகப்படுத்தல்தான், வருவாய் குறைந்த ஏ.எம். அலைவரிசைகளையும் அவற்றின் துணை எஃப்.எம். மறு ஒலிபரப்பிகளையும் ஒரே கையில் சேர்த்து, ஒரே நாளில் பதினைந்து நகரங்களில் ஒரு வலையமைப்பைத் தொடங்கும் வலிமையையும் தந்தது. 1970-களில் ஜாக்சனாலும் ஸ்மாலாலும் கனவுகூடக் காண முடியாத வசதி இது. செய்தி அட்லாண்டாவில் தயாராகிறது. பிளேட்டன் தம் நிலையத்தை வாங்கிய அதே நகரம். ஆயினும் மையத்தில் சமைத்துப் பல ஊர்களுக்குப் பரிமாறும் முறையில் பர்மிங்ஹாம் பூங்காவைப் போன்ற செய்திக்கு இடமுண்டா என்பது ஐயத்துக்குரியதே. செலவு தாங்குவதற்கு வலையமைப்பு வேண்டும். வலையமைப்பு ஆகும்போது ஊர் கரைகிறது.

வருவாய்க்கு ஐஹார்ட்மீடியா தேர்ந்த வழி புதுமையானது. நிமிடக் கணக்கில் விளம்பரம் விற்று நேயர் எண்ணிக்கையோடு மல்லுக்கட்டுவதை விடுத்து, ‘நிறுவனப் பங்காளர்கள்’ என்று எட்டுப் பெருநிறுவனங்களை முதலிலேயே இணைத்துக்கொண்டது: பேங்க் ஆஃப் அமெரிக்கா, சி.வி.எஸ். ஹெல்த், கைகோ, லோவ்ஸ், மெக்டொனால்ட்ஸ், சோனி, 23அண்ட்மீ, வெரைசன். முழுநேரச் செய்தியின் பழைய கணக்குச் சிக்கலை இது உண்மையிலேயே தளர்த்தியது. அந்த அளவில் பாராட்டத்தக்க ஏற்பாடு. நேயர் எத்தனை பேர் என்பதைவிட, அந்த எட்டு நிறுவனங்கள் இச்சமூகத்தோடு தம் பெயரைச் சேர்த்துப் பார்க்க விரும்புகின்றனவா என்பது முக்கியமாயிற்று. 2020 ஜூனில் எல்லோரும் விரும்பினர். அதே மாதத்தில்தான் இசைத் தொழிலில் ‘அர்பன்’ என்ற வகைப் பெயரைச் சில நிறுவனங்கள் கைவிட்டன; கிராமி விருதுகளும் தம் பிரிவு ஒன்றின் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கின. ‘பிளாக்’ என்று உரக்கச் சொல்வது அன்று வணிகத்துக்கும் உகந்ததாக இருந்தது.

அந்தப் பருவம் எவ்வளவு நீடித்தது என்பதை எட்டுப் பெயர்களின் பட்டியலைக் கொண்டே ஓரளவு அளக்கலாம். 2024 ஆகஸ்டில் லோவ்ஸ் தன் பன்மைத்துவத் திட்டங்கள் சிலவற்றைச் சுருக்கிக்கொண்டது. 2025 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் அத்தகைய இலக்குகள் சிலவற்றைக் கைவிட்டது. மார்ச்சில் 23அண்ட்மீ திவால் பாதுகாப்பு கோரியது. மே மாதம், வேறொரு நிறுவனத்தை வாங்குவதற்குக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருந்த வெரைசன், தன் பன்மைத்துவத் திட்டங்களை நிறுத்துவதாக அந்த ஆணையத்துக்கே கடிதம் எழுதியது. மறுநாள் ஒப்புதல் கிடைத்தது.