ஒப்பாரிக்கு ஒரு சாவு வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவிகளுக்கு ஒரு களப்பணி கொடுத்தேன். அவரவர் வீட்டுப் பாட்டிமாரிடம் ஒப்பாரி கேட்டுப் பதிவுசெய்து வரவேண்டும். குச்சனூரைச் சேர்ந்த ஒரு மாணவி மட்டும் வெறுங்கையோடு வந்தாள். "அப்பத்தா பாட மாட்டேங்குது மேம். சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வச்சா வீடு வெளங்காதாம்."

அடுத்த சனிக்கிழமை நானும் அவளோடு போனேன். சனிக்கிழமை குச்சனூர் எப்படி இருக்கும் என்று கம்பம் பள்ளத்தாக்கில் சொல்லத் தேவையில்லை. சுயம்பு சனீஸ்வரரைப் பார்க்க வந்த கூட்டம், எள் விளக்குப் புகை, சுரபி நதியில் முழுகிவிட்டு ஈரச்சேலையோடு நிற்கும் பெண்கள். சந்நிதி முன்னால் அவர்களுடைய உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். சனீஸ்வரனிடம் சொல்ல முடிந்த கதை மாமியாரிடம் சொல்ல முடியாதது.

அப்பத்தா வீட்டில் பாட மறுத்தாரே தவிர, ஒரு வழி சொன்னார். "தோப்புக்கு வா தாயி. அங்கன மரந்தான் கேக்கும்."

தென்னந்தோப்பில் உட்கார்ந்து அரைமணி நேரம் பாடினார். செத்துப்போன கணவருக்கு அதில் நாலைந்து அடிதான். மீதியெல்லாம் பிறந்த வீட்டுச் செழிப்பு, அண்ணன் கொண்டுவராத சீர், புகுந்த வீட்டில் வாங்கிய ஏச்சு. முடிக்கப்போகிற நேரத்தில் ஒரு குழந்தை வந்தது. பெண்பிள்ளை. பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. எப்படிப் போனது என்று பாட்டில் இல்லை. நான் கேட்கவும் இல்லை. பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டிருந்த பேத்திக்கு அப்படியொரு பிள்ளை இருந்தது என்பதே அப்போதுதான் தெரியும்.

தமிழ்த்துறையில் ஒப்பாரியைக் கையறுநிலையோடு சேர்த்துத் தொடங்குவோம். நானும் பல வருடம் அப்படித்தான் நடத்தினேன். கையறுநிலை இறந்தவனின் பெருமையைப் பேசுவது. பாட்டிமாரின் ஒப்பாரியோ இருப்பவளின் கணக்கு. தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி அடியெடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். பிணம் யாருடையதாக இருந்தாலும் ஒவ்வொருத்தியும் அழுவது தன் துக்கத்தைத்தான். ஊரில் இதைக் கேலியாகச் சொல்வார்கள், பெரும்பாலும் ஆண்கள். அந்த வட்டத்துக்குள் மாமியாரை ஏசலாம், அண்ணனை நிறுத்திக் கேள்வி கேட்கலாம். மறுநாள் யாரும் அதற்குக் கணக்குக் கேட்பதில்லை.

இதைச் சொன்னவுடன் நம் முன்னோர் அன்றே உளவியல் சிகிச்சை கண்டார்கள் என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். கிளம்ப வேண்டாம். கொடுக்கப்பட்ட அனுமதி மிகவும் சின்னது. தன் கதையைச் சொல்ல இன்னொருவர் சாகும்வரை காத்திருக்க வேண்டும். போதாததற்கு, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களைக் கூலிக்கு வரவழைத்து அழவைத்த வீடுகளும் இருந்தன. அவர்கள் வீட்டுச் சாவுக்கு இந்த வீடுகளிலிருந்து யார் போய் மாரடித்தார்கள்?

இன்று கவுன்சலிங் என்று நாம் சொல்வதன் வரலாறும் ஒரு சாவுப் படுக்கையின் பக்கத்தில்தான் தொடங்குகிறது. வியன்னாவில் 1880இல் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற இளம்பெண் நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது தானும் நோயில் விழுந்தார். கை கால் மரத்துப்போனது. தாய்மொழியான ஜெர்மன் நாவில் வராமல் ஆங்கிலம் மட்டும் வந்தது. மருத்துவர் யோசப் பிராயர் தினமும் வந்து கேட்க, அவர் கதை சொன்னார். சொல்லி முடித்தால் கொஞ்சம் தெளிவு வரும். இதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்தவர் மருத்துவர் அல்லர், அந்தப் பெண்தான். விளையாட்டாகப் 'புகைக்கூண்டு துடைப்பது' என்றும் சொன்னார். 1895இல் பிராயரும் பிராய்டும் எழுதிய புத்தகத்தில் அவர் 'அன்னா ஓ' ஆனார். புத்தகம் காட்டுவதுபோல அவர் உடனே குணமாகிவிடவில்லை, பிறகும் மருத்துவமனைகளில் இருந்தார். அதன்பின் எழுந்து, மேரி உல்ஸ்டன்கிராப்டின் பெண்ணுரிமை நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1904இல் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். பேச்சு வைத்தியத்தைக் கண்டுபிடித்தவள் பெண்ணியவாதி என்று எந்தப் பாடப்புத்தகமும் முதல் வரியில் எழுதுவதில்லை.

அதே 1895இல்தான் முல்லைப்பெரியாறு அணை திறக்கப்பட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்தத் தண்ணீரை நினைக்காமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. தண்ணீர் வந்த இடத்தில் நெல் பெருகியது, நெல்லோடு நடவும் நடவுப்பாட்டும். குனிந்த முதுகோடு வரிசையில் நிற்கும்போது கங்காணியையும் புருசனையும் பாட்டிலேயே குத்திக்காட்டலாம். யாரும் சாகத் தேவையில்லாத இடம் அது ஒன்றுதான்.

பாட்டே இல்லாத துக்கங்களும் இங்கே உண்டு. பச்சிளம் சிசுவுக்கு வட்டம்கட்டி மாரடிக்கும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் உசிலம்பட்டியில் பெண்சிசுக்கள் கொல்லப்படுவதை 1986இல் 'இந்தியா டுடே' எழுதியபோது நாடே அதிர்ந்தது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 2001இல் தேனி மாவட்டத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. தொட்டில்களையும் வழக்குகளையும் எண்ணினார்கள். பால் கட்டிய மார்போடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவளை ஒன்று குற்றவாளி என்றார்கள், இல்லை அறியாதவள் என்றார்கள். அவளிடம் உட்கார்ந்து கேட்டவர்கள் குறைவு. அந்த மௌனத்தை மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் அ. மங்கையை மறக்க முடியாது. 1990களில் அவர் இயக்கிய 'பச்சமண்ணு' நாடகம், பெண்சிசுக்கொலையைப் பெண்களுடைய சடங்கு, பாட்டு வழியாகவே பேசியது. கலை ஆற்றும் என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. எவருடைய பாட்டு, யார் முன்னால், பாடிய பிறகு அவளுக்கு என்ன ஆகும் என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியை இன்னும் கடுமையாகச் சந்தித்தவர்கள் ஈழத்துப் பெண்கள். பிள்ளை காணாமல் ஆக்கப்பட்டால் பிணம் இல்லை. பிணம் இல்லையென்றால் ஒப்பாரி இல்லை. ஒப்பாரி வைத்தால் அவன் செத்துவிட்டான் என்று தாயே ஒப்புக்கொண்டதாகிவிடும். போர்க்கால மட்டக்களப்பில் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்லும் பெண்களிடம் அந்தத் தாய்மார் போனதை மானிடவியலாளர் பட்ரிசியா லாரன்ஸ் பதிவுசெய்திருக்கிறார். சொல்லப் பயந்ததைத் தெய்வத்தின் வாய் சொன்னது. அதே ஊரில் 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கி, தமிழ், முஸ்லிம் குழந்தைகளை ஒன்றாக உட்காரவைத்து களிமண்ணும் வண்ணமும் கதையும் கொடுத்தார்கள். பேசு என்று யாரையும் வற்புறுத்தாமல் கைக்கு முதலில் வேலை கொடுத்தது எனக்குப் பிடித்த விஷயம்.

நம் பக்கம் கேட்கும் இடங்கள் மெல்ல வருகின்றன. 2022 முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது, இலவசமாகப் பேசலாம். ஆனால் மருத்துவரிடம் ஒரு பெண்ணை அழைத்துப் போனால், அவளுக்கு என்ன என்று கணவனும் மாமியாரும்தான் சொல்கிறார்கள். சங்கப் பாடல்களின் வெறியாட்டு ஞாபகத்துக்கு வரும். மகள் மெலிந்தால் தாய் வேலனை அழைப்பாள். அவன் ஆடுவான், முருகு என்பான். மகளிடம் யாரும் கேட்க மாட்டார்கள். வெறிபாடிய காமக்கண்ணியாரின் அகநானூற்றுப் பாடலில், அந்த வீண் ஆட்டத்தை நினைத்து அவள் சிரிக்கிறாள். கேட்பதென்றால் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கவேண்டும்.

தோப்பில் பாடி முடித்ததும் அப்பத்தா வாய்க்காலில் முகம் கழுவினார், கொண்டையை அள்ளி முடிந்தார். "இத வீட்டுல போட்டுக் கேக்காதீக" என்றார். பேத்தி பதிவை எனக்குச் சமர்ப்பிக்கவில்லை. நானும் கேட்காமல் மதிப்பெண் போட்டேன். சின்னமனூர் வரும்வரை பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தவள், இறங்கும்போது மட்டும் கேட்டாள்:

"மேம், எங்க அத்தைக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?"