தெனாயூகா, எம்மா

தெனாயூகா, எம்மா (1916–1999): அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர்; மெக்சிகோ வழிவந்தவர். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் பிறந்தார். பதின்பருவத்திலேயே சுருட்டுத் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டு கைதானார்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது 1938-இல் நடந்த பீக்கன் கொட்டைத் தொழிலாளர் போராட்டம். நகரின் மேற்குப் பகுதியில், மெக்சிகோ வழியினர் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகளை ஒட்டிய கொட்டகைகளில், பெரும்பாலும் பெண்களே கொட்டை உடைத்துப் பருப்பெடுத்தனர். காற்றோட்டம் கிடையாது, தூசி மண்டிய அறைகள், காசநோய் மலிந்திருந்தது. இயந்திரத்தைவிட மனிதக் கை மலிவு என்று முதலாளிகள் இயந்திரங்களையே ஒதுக்கிவைத்திருந்தனர். கூலி எவ்வளவு அற்பம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பவுண்டுக்கு 6, 7 சென்ட் என்றிருந்த அந்தக் கூலியிலும் ஒரு சென்ட் குறைக்கப்பட்டபோது, ஜனவரி 31 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 12,000 பேர் பங்கேற்றனர். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது, நூற்றுக்கணக்கானோர் கைதாயினர்.

தெனாயூகா கம்யூனிஸ்ட் என்பதால் சங்கத் தலைமை அவரை முன்வரிசையிலிருந்து விலக்கியது. தொழிலாளர்கள் அவரை விடவில்லை. நடுவர் குழுவின் தலையீட்டால் கூலி உயர்ந்தது. ஆனால் அதே ஆண்டு இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி விதித்ததும், நிறுவனங்கள் இயந்திரங்களுக்குத் திரும்பின. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். இதைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் பாடுவது அரை வரலாறு.

1939-இல் அவர் பேசவிருந்த கூட்டத்தைப் பெருங்கும்பல் தாக்கியது. பிறகு உள்ளூரில் வேலை கிடைக்காமல் கலிபோர்னியா சென்றார். 1960-களின் இறுதியில் திரும்பிவந்து, 1982 வரை பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்.